உரக்கடை அப்பாவுக்கு, வினையூக்கி படிக்க விரும்பும் மகளைப் பற்றி

ஐயா, வணக்கம்.

திருமங்கலத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் மதுரையில் பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு. வேதிவினையை முடுக்கிவிட்டு, தான் தீராமல் இருக்கும் பொருளான வினையூக்கியைத் தயாரிக்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தூய எரிசக்தி ஆராய்ச்சி செய்வதைப் படித்துவிட்டு, எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று அதே வழியில் போவேன் என்கிறாள். சரக்கு விற்கிற கம்பெனிக்கு ஆராய்ச்சியில் என்ன வேலை, பி.எட். முடித்தால் பள்ளிக்கூட வேலையாவது கிடைக்குமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் உரக்கடை நடத்துகிறவர் என்பதால் உங்களுக்கு இதைச் சொல்வது எளிது. உங்கள் கடையில் அடுக்கியிருக்கும் 45 கிலோ யூரியா மூட்டை ஒவ்வொன்றும் வினையூக்கி இல்லாமல் வந்திருக்காது. யூரியாவுக்கு மூலப்பொருள் அம்மோனியா. காற்றிலுள்ள நைட்ரஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்து அம்மோனியா ஆக்கலாம் என்று ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் தன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். அவர் வினையூக்கியாகப் பயன்படுத்திய ஆஸ்மியம் கிடைப்பதற்கே அரிதான உலோகம். அதை வைத்து ஆலை கட்ட முடியாது. பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் ரசாயனக் கம்பெனியில் கார்ல் போஷும் அல்வின் மிட்டாஷும் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, கடைசியில் மலிவான இரும்பில் வந்து நின்றார்கள். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. தூத்துக்குடியில் யூரியாவுக்காக அம்மோனியா தயாரிக்கும் முறையின் வேர் அங்கேதான் இருக்கிறது. பல்கலைக்கழகம் கண்டது வழி; அதை ஆலையாக்கியது கம்பெனி.

வீட்டில் நான்கு பேருக்குச் சாம்பார் வைப்பவரிடம் கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்கு வைக்கச் சொன்னால் என்ன ஆகும்? அளவைப் பெருக்கினால் மட்டும் போதாது. அண்டாவின் அடி பிடிக்கும், மேலே பருப்பு வேகாது. வினையூக்கியிலும் இதே சிக்கல்தான். ஆய்வகத்தில் ஒரு கிராம் தூளாக அருமையாக வேலை செய்தது, டன் கணக்கில் உருண்டையாக்கி உலையில் நிரப்பினால் ஓரிடத்தில் சூடேறிக் கெட்டுப்போகும், எடை தாங்காமல் நொறுங்கும், வாயுவில் துளி கந்தகம் இருந்தாலும் செயலிழக்கும். பல ஆண்டுகள் உலைக்குள் தாக்குப்பிடிக்குமா என்பதைக் கல்லூரி ஆய்வகத்தில் கண்டுபிடிக்க முடியாது. கூட்டு ஆராய்ச்சிக்குக் கம்பெனி கொண்டுவருவது இந்த அனுபவத்தைத்தான். பல்கலைக்கழகம் புதுப் பொருளைக் கண்டறியும், தேசிய ஆய்வகம் அதன் அமைப்பை அளக்கும். அதைப் பெருமளவில் தயாரித்து, உண்மையான ஆலை வாயுவில் ஓட்டிப் பார்த்து, எங்கே கெடுகிறது என்று திருப்பிச் சொல்வது கம்பெனி. அந்தப் பதில் கிடைக்காவிட்டால் நல்ல கண்டுபிடிப்பும் ஆய்வுக் கட்டுரையோடு நின்றுவிடும்.

இதில் தூய எரிசக்தி எங்கே வருகிறது? அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜன், எரித்தால் கரியமில வாயு தராத எரிபொருளும்கூட. இன்று ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயு முறையிலேயே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு ஒன்பது, பத்து கிலோ கரியமில வாயு வெளியேறும். கமுதி சூரியப் பண்ணை போன்ற இடங்களில் கிடைக்கும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் இந்தப் புகை இல்லை. ஆனால் அப்படிப் பிரிக்கும் கருவிகளில் ஒருவகைக்கு வினையூக்கியாக இரிடியம் என்ற அரிய உலோகம் வேண்டும். உலகம் முழுவதும் ஓராண்டில் கிடைக்கும் இரிடியம் எட்டு டன் அளவுதான். ஆகவே குறைந்த இரிடியத்தில் அதே வேலையை வாங்குவது, பழையதிலிருந்து மீட்டெடுப்பது, வேறு பொருள் தேடுவது என்று ஆராய்ச்சி போகிறது. இந்தத் துறையின் பழைய கம்பெனிகளில் ஒன்றான ஜான்சன் மேத்தி, 1817இல் லண்டனில் தங்கத்தின் மாற்று பார்க்கும் தொழிலாகத் தொடங்கியது. நம் மதுரைத் தெற்காவணி மூல வீதியில் நகையை உரசிப் பார்க்கிறார்களே, அதே வேலை. அரிய உலோகத்தை ஒரு பொட்டுக்கூட வீணாக்காத அந்தப் பழக்கம் இன்று ஹைட்ரஜனுக்கு உதவுகிறது.

சிலர் வினையூக்கியைப் பாலில் ஊற்றும் உறைமோருக்கு ஒப்பிடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. உறையில் இருப்பவை உயிர்கள், பாலில் பெருகும். வினையூக்கி பெருகாது, வேலையை முடுக்கிவிட்டு இருந்தபடியே இருக்கும். உங்கள் மகளிடம் இன்னொன்று கேட்டுப் பாருங்கள். வினையூக்கியைத் தாங்கும் அலுமினா தூள் ஒரே கிராமுக்குள் 200 சதுர மீட்டர் பரப்பு வைத்திருக்கும். சென்ட் கணக்கில் ஐந்து சென்ட் மனை! இதைச் சொல்லும்போது அவள் முகத்தைக் கவனியுங்கள். இந்தப் படிப்பு அவளுக்கு ஏன் வேண்டும் என்பது என் கடிதத்தைவிட அதில் தெளிவாகத் தெரியும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பி.எட். எங்கும் போய்விடாது, எம்.எஸ்சி. முடித்த பிறகும் படிக்கலாம். இப்போது எம்.எஸ்சி.யைத் தடுக்காதீர்கள். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு உண்டு. விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். சென்னை ஐ.ஐ.டி.யில் வினையூக்கி ஆய்வுக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. ஜாமில் இடம் கிடைக்காவிட்டால் காமராசர் பல்கலைக்கழகத்திலோ மதுரைக் கல்லூரிகளிலோ படித்துவிட்டு, மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் உதவித்தொகைக்கான நெட் தேர்வு எழுதலாம். அதில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறியவர்களுக்கு 2023இலிருந்து மாதாமாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அந்த ஆண்டுகளில் பிஎச்.டி. செலவு உங்கள் தலையில் விழாது. பிஎச்.டி.யை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை; எம்.எஸ்சி. ஆய்வுத் திட்டத்தில் ஆறு மாதம் ஆய்வகத்தில் நின்ற பிறகு அவளே சொல்லட்டும்.

கசப்பானதையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்த வேலை மதுரையில் இல்லை. வினையூக்கி ஆலைகள் குஜராத், மகாராஷ்டிரா, கேரளப் பக்கம். இந்தியன் ஆயிலின் ஆராய்ச்சி மையம் ஃபரிதாபாத்தில். இடங்களும் குறைவு. மத்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன், அதாவது புகையில்லா மின்சாரத்தால் எடுக்கும் ஹைட்ரஜன், திட்டத்தை அறிவித்தது, தூத்துக்குடித் துறைமுகமும் அதற்கான மையங்களில் ஒன்று என்பது உண்மை. அதனால் நாளையே நூறு வேலை வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

என்னிடம் ஆலோசனை கேட்ட ஒரு பையன், கம்பெனி பணம் கொடுத்த திட்டத்தில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தான். மூன்றாம் ஆண்டில் கம்பெனி விலகிக்கொண்டது; தலைப்பை மாற்றிக்கொண்டு ஓராண்டு இழந்தான். சேருமுன் ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு என்று கேள் என நான் அவனுக்குச் சொல்லாமல் விட்டது இன்றும் எனக்கு உறுத்துகிறது. உங்கள் மகள் கட்டாயம் கேட்க வேண்டும்: பணம் எத்தனை ஆண்டுக்கு? கம்பெனி நின்றால் உதவித்தொகை யார் தருவார்கள்? காப்புரிமை காரணமாகக் கட்டுரை வெளியிட எவ்வளவு காலம் காக்க வைப்பார்கள்? கம்பெனி ஆய்வகத்தில் சில மாதங்கள் வேலை பார்க்க அனுப்புவார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், பிறகு வேலை தேடும்போது அந்த மாதங்கள் கைகொடுக்கும்.

கல்யாணத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. முடியும்வரை அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுக்க, 1953இல் திறக்கப்பட்டது. ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிமக்கலன், மின்கலன், மின்சாரத்தால் தண்ணீரைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பு எல்லாம் அங்கே ஆராய்கிறார்கள். அதன் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். தொடங்கப்பட்ட நாளான செப்டம்பர் 26ஐ ஒட்டிப் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம். தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, கடையை ஒருநாள் தம்பியிடம் விட்டுவிட்டு, மாட்டுத்தாவணியில் காரைக்குடி பஸ் ஏறி இருவரும் போய்வாருங்கள். அவள் கேட்கிற கேள்விகளை நீங்கள் பக்கத்தில் நின்று கேளுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.