குடும்பப் பயணத்துக்கு முதல் டிரெய்லர் வாங்கப் போகிறோம். எதைப் பார்த்து வாங்குவது, எந்த வண்டியில் இழுப்பது?

கேட்டவர் கீழக்கரைக்காரர். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா, ஆக ஐந்து பேர். உள்ளே படுக்கை, அடுப்படி, கழிவறை எல்லாம் உள்ள ஒரு டிரெய்லர் மனதுக்குப் பிடித்துவிட்டதாம். வெறும் எடை 900 கிலோ. வீட்டில் இருக்கும் சின்ன எஸ்யூவியிலேயே மாட்டிக்கொள்ளலாமா என்கிறார்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளி. நான்கு வருடமாக நாங்களும் ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய் வருகிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த வண்டியில் வேண்டாம்.

900 கிலோ என்பது கடையில் நிற்கும்போது உள்ள எடை. நம் பக்கம் போகிற இடத்திலெல்லாம் உப்புத் தண்ணீர்தான், நல்ல தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. டியூபுலர் பாட்டரி ஒன்று 50 கிலோவைத் தாண்டும். வீட்டு சிலிண்டர் நிறைந்திருந்தால் ஏறக்குறைய 30 கிலோ. மெத்தை, பாத்திரம், அரிசி, துணி, நாற்காலி என்று ஏற்றி முடித்தால் சர்வசாதாரணமாக 1,200 வந்து நிற்கும். எந்த வண்டி இழுக்கும் என்பதை இந்த நிறைபாரத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது முன்பாரம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும் என்று தாத்தா மூட்டைகளை முன்னே தள்ளித் தள்ளி அடுக்குவார். டிரெய்லருக்கும் அதே கணக்குதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கியில் இறங்க வேண்டும்; அதுதான் முன்பாரம். 1,200 கிலோவுக்கு 120 முதல் 180 கிலோ. அதாவது வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு பெரிய ஆட்கள் எந்நேரமும் உட்கார்ந்திருப்பது மாதிரி. ஏற்கெனவே நீங்கள் ஐந்து பேர், சுமார் 300 கிலோ. பையை வைக்கும் முன்பே சின்ன எஸ்யூவி தாங்கும் எடை முடிந்துவிடும்.

இதை நான் பாம்பன் பாலத்தில்தான் கற்றுக்கொண்டேன். வாங்குவதற்கு முன் ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஜூன் மாதம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று. தண்ணீர் கேன்களையும் பிள்ளைகளின் சைக்கிள்களையும் கடைசியில், பின்சுவரை ஒட்டி ஏற்றிவிட்டேன். ஊர்ச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. பாலத்தின் மேட்டில் ஏறியதும் தென்கடல் காற்று பக்கவாட்டில் அறைந்தது, டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிட்டது. இடது, வலது, ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாக. பின்சீட்டில் என் அம்மா முருகா முருகா என்கிறார். அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்திருந்தால் டிரெய்லர் வண்டியின் மேலேயே மடங்கியிருக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தேன். வேகம் குறையக் குறைய அடங்கியது. மீதிப் பாலத்தை 20 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தோம்.

1988-இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் ஒதுங்க இடமில்லை. பக்கத்தில் இருந்த 1914-ஆம் வருடத்து ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அப்போது ரயிலுக்கு சிக்னல் கொடுக்க மாட்டார்கள். சாலையில் சாதாரண நாளில் நம்மை யாரும் நிறுத்த மாட்டார்கள், நாமேதான் முடிவெடுக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கரையில் இருப்பவர்கள் உயரம் குறைந்த டிரெய்லராகப் பார்க்க வேண்டும் என்கிறேன். நாங்கள் வாங்கியது நிறுத்தியபின் கூரையைத் தூக்கிக்கொள்ளும் வகை. கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள துணியைக் கடற்காற்றில் அடிக்கடி காயவைக்க வேண்டியிருக்கிறது, அது வேலைதான். ஆனாலும் இழுக்கும்போது காற்று பிடிப்பதில்லை.

வண்டியைப் பொறுத்தவரை, தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், மேல் பாடி உட்கார்ந்திருக்கும் டீசல் வண்டியாகத் தேடுங்கள். பொலேரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர் எல்லாம் அந்த ரகம். கொக்கியைச் சேஸிஸிலேயே போல்ட் போட்டுப் பிடிக்கலாம். ஐந்து பேருக்கு என் தேர்வு பழைய கிரிஸ்டா அல்லது ஸ்கார்ப்பியோ. எவ்வளவு இழுக்கலாம் என்று கையேட்டில் இல்லாவிட்டால் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் வாய்ச்சொல் போதாது. டிரெய்லரில் தனி பிரேக் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் பிரேக் கட்டாயம். உங்களுடையது அதைவிட எவ்வளவோ கூட.

பேப்பர் விஷயம்: 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். பதிவு செய்ய முடியுமா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் நம் மண்ணுக்கே உரிய இரண்டு. ஒன்று, சீமைக்கருவேல முள். டிரெய்லர் சக்கரமும் வண்டிச் சக்கரமும் ஒரே அளவு, ஒரே போல்ட் அமைப்பாக இருந்தால் ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும். இன்னொன்று உப்பு. சேஸிஸ் துத்தநாகப் பூச்சு போட்டதாக இருக்கட்டும். அரியமான் கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். மணலில் மட்டும் இறக்கவே வேண்டாம், கெட்டித் தரையில் நிறுத்திவிட்டு நடந்து போகலாம். தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள், அதை நினைத்துத் திட்டம் போடாதீர்கள்.

வாங்கியதும் சாமான்களை ஏற்றி எடைமேடைக்கு ஒருமுறை போங்கள். முதலில் டிரெய்லரை மட்டும் முழுதாக மேடையில் நிறுத்தி எடை பாருங்கள். பிறகு சக்கரங்கள் மேடைக்கு வெளியேயும் கழற்றி நிறுத்தும்போது முன்பக்கத்தைத் தாங்கும் முன்கால் மட்டும் மேடையிலும் இருக்கும்படி நிறுத்தினால் முன்பாரம் தெரிந்துவிடும். எங்களுக்கு முதல் தடவை 60 கிலோதான் காட்டியது. தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு முன்னே மாற்றியபின் 130 ஆனது.

இப்போதெல்லாம் ராமேசுவரம் போனால் விடிந்ததும் பாம்பனைக் கடந்துவிடுகிறோம். கச்சான் வலுத்த நாட்களில் அந்தப் பக்கமே போவதில்லை, தொண்டி வழியாக வடக்கே போய்விடுவோம். அம்மாவும் கூட வருகிறார்.