வேலைக்கு வராத அரசு ஊழியரை ஏன் உடனே டிஸ்மிஸ் செய்வதில்லை?

சாயல்குடிப் பக்கம் கடலோரத்தில் உங்கள் ஊர். அங்கே துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் சொல்லாமல் கொள்ளாமல் மாதக்கணக்கில் வரவில்லை, அவரை ஏன் இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில், பணியாளர் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கோபம் நியாயமானது. கர்ப்பிணிப் பெண் பிபி பார்க்கவே ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்வர வேண்டியிருந்தால் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஒரே நாளில் டிஸ்மிஸ் செய்ய முடியாது. விசாரணை நடத்தி, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே அரசு ஊழியரை நீக்கலாம் என்பது அரசியலமைப்பின் 311ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் அதற்கு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(பி)யின் கீழ் சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் குறிப்பாணை, கொடுக்க வேண்டும். ஆள் வரவில்லை என்று காட்டினால் மட்டும் போதாது, வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும் என்று கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது சரிதான். நோயில் படுத்துக் கிடந்தவரையும், லீவு போடாமல் வேறெங்கோ சம்பாதிக்கப் போனவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியுமா?

விதியில் குறை இல்லை. குறை அதைச் செய்ய வேண்டிய இடத்தில் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் வராதவர் பெயருக்கு நேரே கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். அன்றன்றைக்குச் சிவப்பு மையில் ‘வரவில்லை’ என்று எழுதியிருக்க மாட்டார்கள். என்றாவது ஒருநாள் அவர் வந்து மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கேஸ் அங்கேயே முடிந்தது. மெமோவைப் பதிவுத் தபாலில் அனுப்பினால் ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று திரும்பி வரும். அந்த உறையைப் பிரிக்காமல் கோப்பில் சேர்த்துவிட்டு, மெமோ நகலை வீட்டுக் கதவில் ஒட்டி, விஏஓ முன்னிலையில் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். மருத்துவச் சான்றில் சந்தேகம் இருந்தால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பலாம். இத்தனையும் முறையாக நடந்திருந்தால் அவர் வராவிட்டாலும் விசாரணையை முடிக்கலாம். இதற்கு ஒரு கிளார்க் மெனக்கெட வேண்டும், மேலே ஓர் அதிகாரி பின்னாலேயே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த மெனக்கெடல் வேண்டாம் என்றுதான் பல அதிகாரிகள் இடமாற்றம் செய்துவிடுகிறார்கள். மாறுதல் என்றால் ஒரு பக்க ஆணை, வேலை முடிந்தது. ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று தமிழ்நாடு முழுக்க மிரட்டுவது நம் மாவட்டத்தைச் சொல்லித்தானே? இன்னோர் ஊரில் ஒழுங்காக வராதவரை இங்கே அனுப்புகிறார்கள். அவர் ஜாயினிங் ரிப்போர்ட் கொடுத்த கையோடு மெடிக்கல் லீவில் போய்விடுகிறார். தப்பு செய்தவர் எங்கேயோ இருக்க, தண்டனையை அனுபவிப்பது கடலோரத்து ஜனம். என் சர்வீஸ் முழுக்க எனக்கு ஆறாத ஆத்திரம் இதில்தான்.

அதனால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவில், தயவுசெய்து ‘இவரை மாற்றுங்கள்’ என்று எழுதாதீர்கள். மாற்றினால் அவர் இன்னொரு கிராமத்தின் தலையில் விழுவார். அவர் வராத தேதிகளை எழுதுங்கள். 17(பி) நடவடிக்கை எடுக்கக் கேளுங்கள். அதுவரை பக்கத்து நிலையச் செவிலியருக்குக் கூடுதல் பொறுப்புக் கொடுத்து, வாரத்தில் இன்ன நாள் வருவார் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். ஊருக்கு அவசரத் தேவை அதுதான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு (ஆர்டிஐ) போடுவதாக இருந்தால் அவருக்குக் கொடுத்த மெமோவின் நகலைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் தந்த கிரிஷ் தேஷ்பாண்டே தீர்ப்பு அவர்களுக்குத் துணை. பணியிடம் நிரம்பியிருக்கிறதா, இப்போது பொறுப்பு யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.