வெட்டுப்பட்ட காய்க்காக அழுகிறவர்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். என் மகனுக்குப் பதின்மூன்று வயது. மூன்று வருடமாக செஸ் ஆடுகிறான். போட்டிகளை சனி, ஞாயிறில்தான் வைக்கிறார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது ஆராதனை தப்பிப்போகிறது. எங்கள் சபை மூப்பர் ஒருவர், ‘இது உலகப்பிரகாரமான விளையாட்டு, பிள்ளையைக் கெடுத்துவிடாதே’ என்கிறார். போன மாதம் மதுரையில் ஆறு சுற்றில் நான்கில் தோற்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில், ‘நான் ஜெபம் பண்ணிட்டுத்தானே ஆடினேன், அப்புறம் ஏன் தோத்தேன்?’ என்று கேட்டு அழுதான். ‘நாமெல்லாம் கர்த்தர் கையில் சிப்பாய்கள். பெரிய வெற்றிக்காக அவர் சில சமயம் சிப்பாயை வெட்டக் கொடுப்பார்’ என்று கன்வென்ஷனில் கேட்டதைச் சொல்லித் தேற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இவனை அனுப்பலாமா, கூடாதா? நீங்கள் சொன்னால் எனக்குத் தெளிவு கிடைக்கும்.

ஒரு வாசகி, நாசரேத்

அன்புள்ள தங்கைக்கு,

மூப்பரின் கவலை பழையது. 11ஆம் நூற்றாண்டில் பீட்டர் டேமியன் என்ற கர்தினால், பிளாரன்ஸ் நகரப் பேராயர் ஒரு விடுதியில் செஸ் ஆடியதை அறிந்து கொதித்துப்போனார். பகடைக்குத்தான் தடை, செஸ் வேறு என்று பேராயர் வாதாடிப் பார்த்தார். எடுபடவில்லை. சங்கீதப் புத்தகத்தை மூன்று முறை ஓதி, பன்னிரண்டு ஏழைகளின் கால்களைக் கழுவ வேண்டும் என்று தண்டனை கிடைத்தது. அதே திருச்சபையில்தான் பின்னால் ரூய் லோபஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் வந்தார். 1561இல் செஸ் பற்றிப் புத்தகமே எழுதினார். உங்கள் மகனிடம் ‘ரூய் லோபஸ் தெரியுமா’ என்று கேளுங்கள், உடனே காய்களை அடுக்கி அவர் பெயரில் வழங்கும் தொடக்க நகர்வுகளை ஆடிக் காட்டுவான். நம் காலத்தில் வெஸ்லி சோ என்ற கிராண்ட்மாஸ்டர் இருக்கிறார். 2019இல் ஃபிஷர் ரேண்டம் (பின்வரிசைக் காய்களை இடம் மாற்றி அடுக்கி ஆடும் செஸ்) உலகப் போட்டியின் இறுதியில், அப்போதைய உலக செஸ் சாம்பியன் கார்ல்சனை 13.5–2.5 என்று வென்றவர், தன் விசுவாசத்தை வெளிப்படையாகச் சொல்கிறவர். மூப்பருக்கு இவ்வளவு போதும்.

நான் எழுத உட்கார்ந்தது பஸ்ஸில் நீங்கள் சொன்ன அந்த வார்த்தைக்காக. இரண்டு நாளாக அது என்னை விடவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், தங்கை. அழுகிற பிள்ளையிடம் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். அது உங்கள் சொந்த வார்த்தை இல்லை என்று தெரியும். மேடையிலிருந்து வருகிறது என்பதற்காக எதையும் அப்படியே பிள்ளையின் காதில் போட்டுவிடலாமா? வீட்டில் மருந்து கொடுக்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பார்க்கிறோமே.

1987இல் என் தங்கை காய்ச்சலில் இறந்துபோனாள். பத்தொன்பது வயது. அடக்க ஆராதனையில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், ‘தேவன் பெரிய ஆட்டக்காரர். ஒரு காயை எடுத்தால் அதன் பின்னால் பத்து நகர்வு யோசித்திருப்பார்’ என்று பேசினார். எங்கள் அப்பா கிராமத்துப் பள்ளி ஆசிரியர். தினமும் சாயங்காலம் போஸ்ட் மாஸ்டரோடு வேப்பமரத்தடியில் செஸ் ஆடுவார். காயைத் தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும் என்பதில் கறார். எங்களுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அன்று பிரசங்கியார் பேசும்போது தலை குனிந்தபடி இருந்தார். எல்லாரும் போன பிறகு, ராத்திரி, கஞ்சித் தட்டு முன்னால் இருக்க, அம்மாவிடம் சொன்னார்: “முப்பது வருஷமா ஆடுறேன். காயை வெட்டக் கொடுத்தவன் அதுக்காக அழுது நான் பார்த்ததில்ல. லாசருவோட கல்லறையில அவர் அழுதாரே.”

‘இயேசு கண்ணீர் விட்டார்.’ யோவான் பதினொன்றாம் அதிகாரத்தில் மூன்றே வார்த்தைக்கு ஒரு வசனம். இன்னும் சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறார் என்பது அவருக்குத் தெரியும். அடுத்த நகர்வு தெரிந்தவர். தெரிந்தும் அழுதார். அந்தக் கண்ணீருக்கு ‘பெரிய ஆட்டக்காரர்’ உவமையில் இடமே கிடையாது. குதிரையைப் பலி கொடுத்து ஆறாவது நகர்வில் செக்மேட் வைக்கிறவனுக்கு அந்தக் குதிரை வெறும் கணக்கு. வெட்டுப்பட்டதும் பெட்டிக்குள் போய்விடும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குயவனும் களிமண்ணும் வேதத்தில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். எரேமியா பதினெட்டாம் அதிகாரத்தை எடுத்து மறுபடி வாசியுங்கள். குயவன் கையில் மண்பாண்டம் கெட்டுப்போகிறது. அதை அவன் தூக்கி எறியவில்லை. அதே மண்ணைத் திரும்ப வேறே பாண்டமாக வனைகிறான். அவன் கை முழுக்க அந்த மண்தான். செஸ் ஆடுகிறவன் கையில் காயின் துகள்கூட ஒட்டாது. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிற பிரசங்கம் எனக்குப் பொறுக்காது.

செஸ்ஸை வைத்து தேவனைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவிலாவின் தெரேசா என்ற ஸ்பானியக் கன்னியாஸ்திரி பேசியிருக்கிறார். 16ஆம் நூற்றாண்டில் தன் மடத்துச் சகோதரிகளுக்கு ஜெபத்தைப் பற்றி எழுதும்போது செஸ் உவமையை எடுக்கிறார். மடத்தில் ஆடக்கூடாத ஆட்டம் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அந்த உவமையில் நாம் காய்கள் இல்லை, ஆடுகிறவர்கள். பலகையில் இருக்கும் ராஜா தேவன். அவருக்கு நாம் செக்மேட் வைக்க வேண்டும், அவரும் தப்பித்துப் போக நினைக்க மாட்டார். அவரை அதிகம் நெருக்கக்கூடிய காய் ராணி. அந்த ராணிதான் தாழ்மை என்கிறார். அவர் எழுதுவதற்குச் சுமார் நூறு வருடம் முன்புவரை ராணி குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகரும் பலவீனமான காய். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின் பக்கம்தான் அது பலகையிலேயே பலமான காயாக மாறியது. எழுதியதை மறுபடி படி எடுத்தபோது தெரேசா இந்தப் பகுதியை நீக்கிவிட்டார். முதல் பிரதியில் தங்கியதால் நமக்குக் கிடைத்தது. ஸ்பெயினில் 1944இல் அவரை செஸ் ஆடுகிறவர்களின் பாதுகாவலராக அறிவித்தார்கள். நமக்குப் புனிதர் வணக்கம் இல்லை. வாசிப்பதில் என்ன தடை?

உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். ஆட்டம் முடிந்ததும் அதை அவன் போனில் செஸ் ஆப்பில் போட்டுப் பார்ப்பான், இல்லையா? திரையோரத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு பட்டை ஏறி இறங்கும். எந்த நகர்வு தப்பு என்று உடனே காட்டிவிடும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானையை நகர்த்திய நொடியிலேயே, போனில் பார்த்துக்கொண்டிருந்த நமக்கெல்லாம் அது தப்பு என்று தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. எதிரே இருந்த குகேஷுக்கே புரியச் சில நொடி ஆயிற்று. பலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பட்டை கிடையாது. ஆட்டத்தின் நடுவே போனைப் பார்த்தால் வெளியேற்றிவிடுவார்கள்.

இப்போது நம் ஜெபமெல்லாம் அந்தப் பட்டையைக் காட்டும்படி கேட்பதாக ஆகிவிட்டது. எந்தக் கல்லூரி, எந்த வரன், விசா வருமா என்று தீர்க்கதரிசனம் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். ஆபிரகாம் ‘தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப்போனான்’ என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. உங்கள் பிள்ளை ஜெபித்துவிட்டு, முடிவு தெரியாமல் உட்கார்ந்து ஆறு சுற்றும் ஆடினான். அவன் ஜெபம் வீணாகப் போகவில்லை. நான்கு தோல்வியிலும் தேவன் அவன் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார், எதிரில் ஆடிய பையன் பக்கத்திலும் இருந்தார். இதை அவனிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வான்.

ஞாயிறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். போட்டி நடக்கிற ஊரிலும் காலை ஆராதனை இருக்கும். முதல் சுற்றுக்கு முன்னால் அரை மணி நேரமாவது பின் பெஞ்சில் அவனோடு உட்கார்ந்துவிட்டு அழைத்துப் போங்கள். முடியாத ஞாயிறு முடியாது. அதற்காக அவனைக் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

அதற்கு முன்னால், இன்று ராத்திரியே அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ‘பஸ்ஸில் அம்மா சொன்னது தப்பு’ என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் தோற்ற நான்கில் ஓர் ஆட்டத்தை உங்களுக்கு ஆடிக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் காய் எப்படிப் போகும் என்று தெரியாவிட்டால் அவனே சொல்லிக்கொடுப்பான். போனை மட்டும் அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்