மண் அணைக்கும் திராட்சைக்காரர்கள்

கேள்வி: மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் ராச்செஸ்டரில் இருக்கிறார்கள். வரும் செப்டம்பரில் நானும் வீட்டுக்காரரும் அங்கே போகிறோம். ஏரிக்கரை ஒயினரிகளைச் சுற்றிக் காட்டுவதாக மாப்பிள்ளை சொல்கிறார். நாங்கள் மஞ்சளும் வாழையும் போடுகிற குடும்பம், மது தொட்டதில்லை. எங்களுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மதுக்கடைக்குப் போவதாக நினைத்தால் தயக்கம் வரத்தான் செய்யும், தோட்டம் பார்க்கப் போவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒயினரி என்றால் திராட்சையிலிருந்து ஒயின் என்ற மது செய்யும் இடம். மாப்பிள்ளை சொல்வது நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் வட்டாரம். வடக்கு தெற்காக விரல்களைப் போல நீண்டு கிடக்கும் 11 ஏரிகளில் கியூகா, செனகா, கயூகா ஆகிய மூன்றின் சரிவுகளில்தான் ஒயினரிகள் நெருங்கி இருக்கின்றன. பனி கொட்டும் சீமையில் திராட்சை பிழைப்பதற்கு ஏரிதான் காரணம். ஏறத்தாழ 188 மீட்டர் ஆழமுள்ள செனகா, கோடை வெயிலைத் தண்ணீருக்குள் சேர்த்து வைத்துக் குளிர்காலம் முழுவதும் மெல்ல வெளியே விடுவதால் கரையோரத்தில் குளிரின் கடுமை தணிகிறது; வசந்தத்திலோ அதே தண்ணீர் சில்லென்று கிடப்பதால் கொடி அவசரப்பட்டுத் துளிர்க்காமல் பின்பனிக்குத் தப்புகிறது. 2023 மே 18 அன்று உறைபனி விழுந்தபோது அடி வாங்கியவற்றில் ஏரியை விட்டுத் தள்ளி மேட்டில் இருந்த தோட்டங்களே அதிகம். செனகாவின் தென்கிழக்குக் கரைக்கு 'பனானா பெல்ட்' என்று பெயர். அங்கே வாழை கிடையாது, கொஞ்சம் கதகதப்புக்குத்தான் அந்தப் பட்டம், கோபிக்காரர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுக்காரர் அங்கே அவசியம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ரீஸ்லிங் போன்ற ஐரோப்பிய ரகங்களை உறுதியான வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டித்தான் நடுகிறார்கள். உக்ரைனிலிருந்து வந்த கான்ஸ்டன்டின் ஃபிராங்க், இந்தக் குளிரில் அவை நிற்காது என்று பலரும் சொன்னதை மீறி வளர்த்துக் காட்டி, 1962-இல் கியூகா கரையில் தம் ஒயினரியைத் தொடங்கினார். குளிர்காலம் வருமுன் அந்த ஒட்டு மறையும்படி தூரில் மண் அணைத்து, வசந்தத்தில் அதை விலக்கிவிடுவார்கள். மஞ்சளுக்கு மண் அணைத்துப் பழகியவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை; நாம் கிழங்கு பருக்க அணைக்கிறோம், அவர்கள் ஒட்டு உறையாமலிருக்க அணைக்கிறார்கள். செப்டம்பரில் பழம் பறிப்புத் தொடங்கியிருக்கும், பார்ப்பதற்கு நல்ல சமயம்.

ஒயினரிக்குள் போனதும் ஒரு நீண்ட மேடை. கட்டணம் வாங்கிக்கொண்டு, கோப்பையின் அடியில் ஓரிரு மடக்கு மட்டும் ஊற்றி, நான்கைந்து வகைகளை ஒன்றன்பின் ஒன்றாக ருசிக்கத் தருவார்கள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவதற்குப் பக்கத்திலேயே ஒரு குடுவை இருக்கும். அது அங்கே மரியாதைக் குறைவு அல்ல. ஒன்றும் தொடாமல் தோட்டத்தையும் பீப்பாய்களையும் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. 21 வயது ஆனதற்குச் சான்று கேட்பார்கள் என்பதால் ருசிக்கிறவர் அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்கட்டும். கூட்டமாகப் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வண்டி ஓட்டுகிறவர் மாப்பிள்ளையானால் அவருக்கு அன்று ருசி பார்க்கும் வேலை கிடையாது, இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

சிறிய ஒயினரியில் ஊற்றிக் கொடுப்பவர் பெரும்பாலும் முதலாளியாகவோ அவர் வீட்டு ஆளாகவோ இருப்பார். எது பிடித்தது என்று கேட்டுவிட்டு, 'இந்த ரகம் அடுத்த தோட்டத்தில் இன்னும் நன்றாக இருக்கும், அங்கே போங்கள்' என்று போட்டிக்காரருக்கே வழிகாட்டுவார். நம் ஊரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் எதிர்க்கடைக்கு அனுப்புவதை நான் இன்னும் பார்க்கவில்லை. தனியாக ஒரு தோட்டத்தை நம்பி யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்று தெரிந்ததால்தான், 1983-இல் கயூகா ஏரிக்காரர்கள் சேர்ந்து அமெரிக்காவின் முதல் 'ஒயின் டிரெய்ல்' என்ற கூட்டுச் சுற்றுப்பாதையை அமைத்தார்கள். பென் யான் என்ற ஊர்ப் பக்கம் போனால் சாலையில் குதிரை வண்டிகள் வரும். அவற்றில் வருகிறவர்கள் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பத்தார், 1970-களிலிருந்து அங்கே குடியேறி விவசாயம் பார்ப்பவர்கள். அந்தி நேரத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பன்னீர் திராட்சையைக் கல்பந்தலில் ஏற்றி, வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுக்கிறோம். அமெரிக்காவில் விவசாயியே ஒயின் செய்து விற்பதாகச் சொல்கிறார்களே, எப்படி?
— ஒரு வாசகர், தொண்டாமுத்தூர்

பதில்: மேலே சொன்ன ஏரிக்கரைக்காரர்களும் முன்பு உங்களைப் போலவே பெரிய கம்பெனிகளின் விலையை நம்பித்தான் இருந்தார்கள். 1976-இல் நியூயார்க் மாநிலம் பண்ணை ஒயினரிச் சட்டம் கொண்டுவந்து, சிறு விவசாயி தன் பழத்தில் ஒயின் செய்து தோட்டத்திலேயே நேரடியாக விற்கலாம் என்று வழிவிட்ட பிறகுதான் இன்றைய குடும்ப ஒயினரிகள் பெருகின. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருப்பதால் தோட்டத்தில் மேடை போட்டு விற்பது நடக்காத காரியம். அதோடு கவாத்து செய்து ஆண்டுக்கு இரண்டு அறுவடைக்குக் குறையாமல் எடுக்கும் நம் பன்னீர் பழம் முக்கியமாகச் சாப்பிடும் பழம். ஆண்டுக்கு ஒரே அறுவடையில் நிதானமாகப் பழுக்கும் ஒயின் ரகங்களின் கணக்கு வேறு. நேரில் பார்க்க அமெரிக்கா வரை போக வேண்டாம். மகாராஷ்டிரம் 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குத் தனிக் கொள்கை வகுத்தது, நாசிக்கில் கங்காபூர் அணைப் பக்கமாகப் போனால் ஒயினரிகளைப் பார்க்கலாம். பழம் பறிக்கும் பிப்ரவரி மாதம் போய்வாருங்கள்.