முன் பிரேக்கா, பின் பிரேக்கா?

கேள்வி: மழைக்குள்ள முன் பிரேக் பிடிச்சா பைக் சறுக்கும் என்று கூட்டாளிமார் சொல்றாங்க. பின் பிரேக் மட்டும் போதுமா, அண்ணன்?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: போதாது தம்பி. பிரேக் பிடித்ததும் பாரம் முன் சில்லுக்குத்தான் வரும். நிற்பாட்டும் பலம் அங்கேதான் கூட. எங்கள் பயிற்சியில் முதலில் பழக்குவதே இதைத்தான்: வெடுக்கென்று இழுக்காமல் மெல்லத் தொட்டு, முன் ஃபோர்க் (முன் சில்லைத் தாங்கும் ஸ்பிரிங் கால்கள்) அமுங்கியதும் இறுக்க வேண்டும். பின் பிரேக் துணைக்கு. மழையிலும் இதே முறைதான், இன்னும் மென்மையாக. 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 16 மீற்றருக்கு மேல் ஓடிவிடும், இடைவெளி விடுங்கள். அறுவடைக் காலத்தில் வீதியோரம் நெல் காயப்போட்டிருப்பார்கள், அதற்கு மேலே முன் பிரேக் வேண்டவே வேண்டாம். பைக் நிமிர்ந்திருக்கும்போதே, நெல்லுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.