கப்பல் பயணத்தில் குமட்டல் வராமல் தடுப்பது எப்படி? வந்துவிட்டால் எப்படிச் சமாளிப்பது?

பேருந்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே குமட்டும் உடம்பை வைத்துக்கொண்டு ஐந்து நாள் சொகுசுக் கப்பலில் போகலாமா, போனால் கடல் நோயிலிருந்து எப்படித் தப்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். நானும் அதே உடம்புக்காரன்தான். இதுவரை மூன்று முறை கப்பலில் போயிருக்கிறேன். முதல் முறை இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. மூன்றாம் முறை ஒருவேளைச் சாப்பாட்டைக்கூடத் தவறவிடவில்லை. இடையில் என் உடம்பு ஒன்றும் தேறிவிடவில்லை. செய்ய வேண்டியவற்றைக் குமட்டல் வருவதற்கு முன்பே செய்யக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

முதல் பயணத்தில், காட்சி நன்றாக இருக்கும் என்று எண்ணி, மேல்தளத்தில் கப்பலின் அணியத்தை, அதாவது முன்முனையை, ஒட்டிய அறையைக் கூடுதல் பணம் கொடுத்து எடுத்தேன். மாத்திரை பையில் இருந்தது. தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். துறைமுகத்தை விட்டு நீங்கிய நாலைந்து மணி நேரத்தில், அலமாரியில் தொங்கிய காலி ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சீராக ஒலிக்கத் தொடங்கின. சன்னல் திரைச்சீலை சுவரை விட்டு மெல்ல விலகி வந்து, ஒரு கணம் நின்று, மறுபடி போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது கொட்டாவி மேல் கொட்டாவியாக வந்தது. அலைச்சலால் வந்த களைப்பு என்று நினைத்தேன். பிறகு வாயில் எச்சில் ஊறியது, நெற்றி சில்லிட்டு வியர்த்தது. அப்போதுதான் மாத்திரையைத் தேடி எடுத்து விழுங்கினேன். பத்து நிமிடத்தில் அது குடித்த தண்ணீரோடு வெளியே வந்துவிட்டது.

நோயின் காரணம் தெரிந்தால் மற்றவை எளிதாக விளங்கும். உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்களும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. தலை திரும்புவதைக் குழல்களும், உடல் மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்வதைப் பைகளும் உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. கப்பல் அறைக்குள் இருக்கும்போது சுவரும் மேசையும் கண்ணுக்கு அசையாமல் தெரிகின்றன. காதோ, ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாய் என்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று மூளை திணறுவதன் விளைவே குமட்டல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இரு காதுகளிலும் இந்தச் சமநிலை உறுப்பு அடியோடு செயலிழந்தவர்களுக்குக் கடல் நோய் வருவதில்லை என்பதும் அதற்கு வலுச் சேர்க்கிறது.

அசைவு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை, அதாவது 0.2 ஹெர்ட்ஸ் அளவில், மெதுவாக மேலெழுந்து கீழிறங்கும் அசைவுதான் வயிற்றை அதிகம் புரட்டுகிறது. இயந்திரத்தின் படபடப்பு அதிர்வு அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. பெரிய பயணிகள் கப்பல்களில் நீருக்கடியில் இருபுறமும் நீளும் இறக்கை போன்ற நிலைப்படுத்திகள் உண்டு. அவை கப்பல் பக்கவாட்டில் உருள்வதைக் குறைக்கும். முன்பக்கம் எழுந்து தாழ்வதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஆகவே, பெரிய கப்பல் ஆடவே ஆடாது என்று முகவர் சொன்னால், அதைப் பாதி உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சீசாப் பலகையின் முனையில் இருப்பவர் ஏறி இறங்குவார், நடுவில் இருப்பவர் அதிகம் அசைய மாட்டார் அல்லவா? கப்பலும் அப்படித்தான். நீளவாக்கில் நடுவிலும், உயரத்தில் கீழ்த்தளங்களிலும் உள்ள அறைதான் உங்களுக்கு ஏற்றது. அதில் சன்னலும் அமைந்தால் நல்லது. அமையாவிட்டாலும், சன்னலுக்காக முன்முனைக்குப் போக வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் நான் செய்த தவற்றைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள். குமட்டல் தொடங்கியதும் இரைப்பை தன்னிடம் உள்ளதைக் குடலுக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் வாந்தி வராவிட்டாலும்கூட, அந்த நேரத்தில் விழுங்கும் மாத்திரை இரத்தத்தில் கலக்காமல் வயிற்றிலேயே கிடக்கும். மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட், சின்னரிசின், புரோமெத்தசின் ஆகிய மருந்துகளில் உங்களுக்குப் பொருந்துவதை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்ன அளவில், கப்பல் புறப்படுவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாமே ஏதோ ஓர் அளவில் தூக்கத்தை வரவழைக்கும். அது பிடிக்காமல், வீட்டில் இருக்கும் தூக்கம் வராத ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். செட்டிரிசின், லோரடடின் போன்ற புதிய தலைமுறை மருந்துகள் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை என்பதால்தான் அவற்றால் தூக்கம் குறைவு. அதே காரணத்தால் கடல் நோய்க்கும் அவற்றால் பயனில்லை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, வண்டி ஓட்டும் வேலை இல்லாத ஒரு விடுமுறை நாளில், மாத்திரையைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். எனக்கு ஒரு வகை மாத்திரை பகல் முழுவதும் மந்தமாக இருக்கச் செய்தது. அதைக் கரையிலேயே தெரிந்துகொண்டு வேறொன்றுக்கு மாறினேன்.

காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கோபலமைன் பட்டையும் உண்டு. குறைந்தது 4 மணி நேரம் முன்னதாக ஒட்ட வேண்டும்; ஒரு பட்டை 3 நாள் வரை வேலை செய்யும். நல்ல மருந்துதான், ஆனால் வாய் வறளும், பார்வை சற்று மங்கலாம். ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்துவிடும். குறுகிய கோண வகைக் கண் நீரழுத்த நோய் (கிளாக்கோமா) உள்ளவர்களுக்கு இது கூடாது. புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படுபவர்களும், வயது முதிர்ந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. குழந்தைகளை அழைத்துச் செல்வதாக இருந்தால் தனியாகக் கேளுங்கள்: இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கடல் நோய் அரிதாகவே வரும், அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்குத்தான் அதிகம் வரும். கருவுற்றவர்களும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் எளிதில் பாதிக்கப்படுவார்கள்.

இஞ்சியைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. எனக்கு அது பிடிக்கும் என்பதால் வாயில் அடக்கிக்கொள்கிறேன். மணிக்கட்டிலிருந்து மூன்று விரல் தள்ளி அழுத்தும் பட்டையை என் மனைவி முழுமையாக நம்புகிறாள். அதற்கு உறுதியான சான்று கிடையாது, தீங்கும் கிடையாது; நான் வாதிடுவதில்லை.

புறப்படும் நாளில் வெறும் வயிற்றுடன் ஏறாதீர்கள், வயிறு முட்டவும் உண்ணாதீர்கள். எண்ணெய்ப் பண்டமும் மதுவும் முதல் இரண்டு நாள் வேண்டாம். மது, மாத்திரையின் மயக்கத்தையும் கூட்டிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் குமட்டல் எட்டிப் பார்க்கலாம். காரணமில்லாத கொட்டாவி, எச்சில் ஊறுதல், குளிர்ந்த வியர்வை ஆகியவைதான் முன்னறிவிப்பு. அவற்றைக் கண்டதும் கைப்பேசியையும் புத்தகத்தையும் மூடிவிட்டு, கப்பலின் நடுப்பகுதியில் உள்ள திறந்த தளத்துக்குப் போய், கப்பல் செல்லும் திசையை நோக்கி நின்றுகொண்டு தொடுவானத்தைப் பாருங்கள். தொடுவானம் அசைவதில்லை என்பதால், கப்பலின் ஆட்டம் இப்போது கண்ணுக்கும் புலப்படும். காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகும். அருகிலுள்ள அலைகளைக் குனிந்து பார்ப்பது எதிர்மாறான விளைவைத் தரும். கம்பியைப் பிடித்தபடி அலை எழும் முன்பே உடம்பைச் சாய்த்துக்கொடுக்கப் பழகினால் இன்னும் நன்று. வண்டியை ஓட்டுபவருக்கு அரிதாகவும் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அடிக்கடியும் குமட்டல் வருவது இதனால்தான்; ஓட்டுபவருக்கு அடுத்த அசைவு முன்பே தெரியும்.

நிற்கவே முடியாவிட்டால் மல்லாந்து படுத்து, தலையணைகளை இருபுறமும் அண்டக்கொடுத்துத் தலை உருளாமல் செய்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பாதி சாய்ந்து உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதுதான் இருப்பதிலேயே மோசம். வாந்தி வந்தால் அடக்க வேண்டாம். பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை ஒவ்வொரு வாயாகக் குடித்து, அது தங்கினால் உப்பு பிஸ்கட், ஆப்பிள் துண்டு என்று தொடங்கலாம். தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் கப்பலிலுள்ள மருத்துவ அறைக்குப் போங்கள். வயிற்றை நம்பாமல் ஊசி வழியாக மருந்து செலுத்த அங்கே வசதி இருக்கும். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ சேர்ந்து வந்தால் அது கடல் நோய் அல்ல; கப்பல்களில் பரவும் நோரோவைரஸாக இருக்கலாம். உடனே தெரிவித்துவிட்டு அறையிலேயே இருங்கள்.

பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடல் பழகிவிடும். பழகாதவர்களும் உண்டு. 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வின் கடைசிவரை அவதிப்பட்டார். புகழ்பெற்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே காற்று பலமாக வீசினால் உடம்புக்கு முடியாமல் போகும். ஆகவே பக்கத்து அறைக்காரர் மூன்றாம் நாள் எழுந்து நடமாடுகிறார் என்பதற்காக நீங்கள் மருந்தை நிறுத்திவிட வேண்டியதில்லை.

கரை இறங்கிய பிறகும் ஓரிரு நாள் தரை ஆடுவது போலத் தோன்றலாம். கடலுக்குப் பழகிக்கொண்ட மூளைக்கு நிலம் பழகச் சற்று நேரமாகிறது. மூன்றாம் பயணம் முடிந்து வீடு திரும்பிய மறுநாள், குளியலறையில் கண்ணை மூடி முகத்தில் சோப்புப் போட்டபோது அலை வந்து தூக்குவது போலிருந்தது. சட்டென்று குழாயைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நாள் அது போய்விட்டது. அரிதாகச் சிலருக்கு இந்த ஆட்டம் வாரக்கணக்கில் நீடிக்கும்; அப்படி நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், கப்பலில் போய்வந்ததை முதலில் சொல்லிவிட்டு, காட்டுங்கள்.