மருந்துக்கடைக்கு மாத்திரைப் பையோடு போங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 64 வயது. சுகர், பிரஷர் மாத்திரை அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மூலம் வீட்டுக்கே வருகிறது. தர்மபுரியில் தனியார் டாக்டரிடமும் காட்டுகிறோம். முட்டிவலிக்கு மெடிக்கலில் அம்மாவே கேட்டு வாங்கிக்கொள்கிறார். கடையில் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

பதில்: கேட்பது அப்புறம், முதலில் காட்டுங்கள். அம்மா போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும், கஷாயம், சூரணம் எது இருந்தாலும் அதையும் ஒரே பையில் போட்டு, சீட்டோடு எடுத்துப் போங்கள். சாயங்காலக் கூட்டத்தில் போனால் கவரில் போட்டுத்தான் தருவார்கள், மதியம் மூன்று மணிக்குப் போய் பார்மசிஸ்ட் இருக்கிறாரா என்று கேட்டு அவரிடமே பேசுங்கள்.

இரட்டிப்பு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருகிற பிரஷர் மாத்திரை அட்டையில் அம்லோடிபின் என்று மருந்தின் பெயரே இருக்கும், டாக்டர் எழுதியதில் கம்பெனிப் பெயர் பெரிதாகவும் அதே அம்லோடிபின் அடியில் பொடி எழுத்திலும் இருக்கும். வேறு வேறு மாத்திரை என்று நினைத்து இரண்டையும் போட்டால் தலைசுற்றலும் கால்வீக்கமும் வரலாம்.

அடுத்து முட்டிவலி மாத்திரை, எனக்குப் பெரிய கவலையே இதுதான். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வகைகள் பிரஷரை ஏற்றும், சுகர் உள்ளவர்களின் கிட்னிக்கும் ஆகாது, அதிலும் பிரஷருக்கு டெல்மிசார்டன் போடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் வாங்கவே கூடாது. பல வலி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும், காய்ச்சல் என்று தனியாக இன்னொன்று போட்டால் அளவு கூடிவிடும். நம்ம பக்கம் மூட்டுவலி என்றாலே போர் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடு மேல் பழி போடுவோம், அதில் நியாயமும் உண்டு, ஆனால் அதை டாக்டரிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், மாத்திரையால் மூடி வைக்காதீர்கள்.

சுகருக்குப் போடுகிற மெட்ஃபார்மின் அட்டையில் எஸ்.ஆர். (மருந்து மெதுவாக இறங்கும் வகை) என்று இருந்தால் பொடித்துக் கொடுக்கக் கூடாது, முழுசாக விழுங்க வேண்டும். அம்மாவுக்கு விழுங்கச் சிரமம் என்றால் அதையும் சொல்லுங்கள், வேறு வகை உண்டு. அளவைக் கூட்டுவது, நிறுத்துவது எல்லாம் பார்மசிஸ்ட் வேலை இல்லை, அவர் சொன்னதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், அதுவரை பிரஷர், சுகர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இரட்டிப்பாகப் போவது தெரிந்தால் மட்டும் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டு எதைப் போடுவது என்று கேட்டுவிடுங்கள். அட்டையை வெட்டித் தந்தால் பெயரும் தேதியும் உள்ள பக்கமாகக் கேட்டு வாங்குங்கள், பில்லும் சேர்த்து.